இரண்டு வீட்டில் ஒரு துப்பாக்கி

எங்கள் ஸூல் ஊரில் எகானைப் போல ஓர் ஏமாளி இல்லை என்று அவன் முகத்துக்கு நேராகவே நான் சொல்லியிருக்கிறேன். சிரிப்பான். துப்பாக்கித் தொழிற்சாலையில் அவனுக்கு மரம் இழைக்கும் வேலை. பக்கத்து மேசையில் நான் இரும்பில் மானும் இலையும் பொறிப்பேன். வியாழக்கிழமை மாலைகளில் நாங்கள் இருவரும் கிடங்குக்கார லோதரும் சீட்டாடுவோம்.

எகானின் அப்பா தன் கையால் செய்த கைத்துப்பாக்கி ஒன்று அவனிடம் இருந்தது. அதன் தோள்கட்டை கீல் வைத்து மடங்கும். விரித்தால் தோளில் முட்டுக் கொடுத்துச் சுடலாம், மடித்தால் கோட்டுக்குள் அடங்கும். அப்படி இன்னொன்றை நான் பார்த்ததில்லை. துப்பாக்கியிலும் கட்டையிலும் ஒரே எண்ணை அடித்திருந்தார் மனிதர். போரில் செத்த அப்பாவின் நினைவாக எகானுக்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை.

அப்போது எங்கள் கம்யூனிஸ்ட் ஆட்சியில் வீட்டில் துப்பாக்கி இருந்தால் ஜெயில்தான். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. துப்பாக்கியைப் பிரித்து இரண்டு வீட்டில் வைப்போம், மாட்டினாலும் பாதிதான் போகும். எகான் கட்டையை நிலக்கரித் தொட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டு, துப்பாக்கியை லோதரிடம் கொடுத்தான்.

ஒரு குளிர்காலத்தில் லோதர் கையில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.

"போச்சுடா எகான். போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டான். யாருதுன்னு கேட்டு விரலை ஒடிச்சான். நான் உன் பேரைச் சொல்லவே இல்ல."

எகான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதான். அன்றிலிருந்து லோதருக்கு அவன் அடிமைதான். லோதர் வீட்டுக்கு விறகு பிளந்தான். கார் வாங்க அரசுப் பட்டியலில் பல வருஷம் காத்திருந்து வந்த தன் முறையைக்கூட அவனுக்கே விட்டுக்கொடுத்தான். சீட்டில் லோதர் கலைக்க வேண்டிய முறை வந்தால் வளைந்த விரலைத் தூக்கிக் காட்டுவான். எகான்தான் கலைத்துப் போடுவான்.

"எனக்கும் கை வலிக்குது, கலைச்சுப் போடேன்" என்பேன்.

"உன் விரல் யாருக்காக ஒடிஞ்சுது ஹெட்விக்?" என்பான் எகான்.

பெர்லின் சுவர் விழுந்து, எங்கள் கிழக்கிலிருந்து மேற்கே போக வழி திறந்த பிறகு லோதர் அந்தத் தோள்கட்டையைக் கேட்டான். "ஞாபகத்துக்குத்தான்டா. உனக்காக அடி வாங்கினவன் நான்." எகான் அதற்கு எண்ணெய் பூசி, துணியில் சுற்றிக் கொடுத்தான்.

அடுத்த வசந்தத்தில் மேற்கே ஓர் ஊரில் பழைய துப்பாக்கிக் கண்காட்சி நடந்தது. எகானை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கூட்டம் மொய்த்த கண்ணாடிப் பெட்டியில் அது கிடந்தது, கட்டையோடு சேர்ந்து முழுசாக. இரண்டிலும் அதே எண். பக்கத்தில் புது கோட்டுப் போட்டு நின்றான் லோதர். எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"போலீஸ் எடுக்கலையா?" என்று கேட்டான் எகான்.

"திருப்பிக் கொடுத்தா நீ மாட்டிக்குவன்னு பயந்தேன்டா. அப்புறம்... சொல்ல நேரம் வரல."

"முப்பது வருஷமா வரலியாடா, திருட்டுப் பயலே!" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எகான் துப்பாக்கியைப் பார்க்கவில்லை. லோதரின் கையைப் பார்த்தான்.

"விரல் எப்படிடா ஒடிஞ்சுது?"

"கிடங்குல... பெட்டி விழுந்துச்சு."

ஊர் திரும்பும் வழி முழுக்க நான் லோதரைத் திட்டிக்கொண்டே வந்தேன். போன துப்பாக்கியை விடு, ஒரு மனிதனின் நன்றியை இத்தனை வருஷம் தின்றிருக்கிறானே என்றுதான் ஆத்திரம்.

வியாழக்கிழமை லோதர் வந்தான், வெட்கம் கெட்டவன். எகான் உட்காரச் சொன்னான். லோதரின் முறை வந்ததும் பழக்கத்தில் அந்த விரல் மேலே எழுந்தது.

எகான் சீட்டுக்கட்டை அவன் பக்கம் தள்ளினான். "நீயே கலை."

லோதர் என்னைப் பார்த்தான், சீட்டுக்கட்டைப் பார்த்தான். பிறகு எடுத்துக் கலைத்து, மூன்று பேருக்கும் போட்டான். ஒரு சீட்டுகூடக் கீழே விழவில்லை.