முந்நூற்று ஐம்பது போதும்

வெர்லின் ஹாப்ஸ் ஜெயித்தவை: 1979இல், வலது கைக் கட்டைவிரல் ஒடிந்து கட்டுப் போட்டிருந்தபோது ஒரு கோப்பை. 1980இல், பந்தயத்தன்று காலையில் வெடித்த ரேடியேட்டர் குழாயைத் தோட்டத்துக் குழாய் வெட்டி ஒட்டுப்போட்டு இன்னொன்று. 1981 ஜூலையில், வெளியூரிலிருந்து வண்டிகளில் ஏற்றி வந்த பதினொரு பளபளப்பான கார்களுக்கு எதிராக, தினமும் மர ஆலைக்கு ஓட்டிப்போகும் அதே பழைய நோவா காரில் ஒரு கோப்பையும் ஒரு முழுப் பன்றித் தொடையும். எல்லாக் கோப்பைகளின் அடியிலும் தேதி எழுதி ஒட்டியவள் அக்கா ஓப்பல்.

கைவிட்டுப் போனது ஒன்றுதான். 1982 சீசனின் இறுதிப் பந்தயம்.

கென்டக்கியில் அவர்கள் ஊர்ப் பந்தயத்தில் வேகம் மட்டும் போதாது. தன் கார் எத்தனை விநாடியில் கோட்டைத் தொடும் என்று ஒவ்வொருவனும் வெள்ளை ஷூ பாலிஷால் கார்க் கண்ணாடியில் எழுதவேண்டும். இரண்டிரண்டு கார்களாக ஓடும்; மெதுவானதை, எழுதிய எண்களின் வித்தியாச அளவுக்கு முன்னதாகவே விடுவார்கள். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி.

அந்த வருடம் வெர்லின் 454 கன அங்குல இன்ஜின் மாட்டியிருந்தான். இறுதியில் 7.10 என்று எழுதி, 7.04இல் ஓடித் தோற்றான். பெரிய இன்ஜின் அப்படித்தான், திடீரென்று குதிக்கும் என்றது ஊர். ஓப்பல் நம்பவில்லை. நேரச் சீட்டுகளையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் தேதிவாரியாக அடுக்கி வைப்பவள் அவள். அன்று மாலை முழுக்க அந்தக் காருக்கு 7.06 விநாடிக்கு மேல் ஆகவே இல்லை. எண்களில் தவறாத தம்பி எதற்காக 7.10 என்று எழுதினான்?

காரணம் அவளுக்குத் தெரியும். சீசனை ஜெயித்தவன் பந்தய மைதானத்து அறிவிப்புக் கோபுரத்தின் மேலேறி, எல்லாரும் பார்க்க, அதன் சுவரில் தன் பெயரை எழுதவேண்டும். வெர்லினுக்கு எழுதத் தெரியாது. பள்ளியில் ஆறு வருடமும் எழுத்துகள் அவன் கண்முன் புரண்டுகொண்டே இருந்தன. எண்கள்தான் அசையாமல் நின்றன. பந்தயப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுவது ஓப்பல். ஆலையில் சம்பளத் தாளுக்கு ஒரு பெருக்கல் குறி.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரியில், கார் கொட்டகைத் தரையில் இரண்டு இன்ஜின்கள் கிடந்தன. 454, பழைய 350.

"இதுல யோசிக்க என்ன இருக்கு மச்சான்? பெருசயே போடு," என்றான் ஓப்பலின் கணவன் கார்னெட். "சின்னத மாட்டிக்கிட்டு போனா, தையல் மெஷின் வந்துருச்சுன்னு உன்கூட ஓட்டுற பியூஃபோர்டு மானத்த வாங்கிருவான்."

வெர்லின் சீட்டுகளை இரண்டு வரிசையாகப் பரப்பினான். "பெருசு சூடா இருந்தா ஒரு பேச்சு, குளுந்தா ஒரு பேச்சு. ஒரு சீசன்ல, விநாடில நூத்துக்குப் பதினாலு புள்ளி முன்ன பின்ன ஆடிருக்கு. 350 ரெண்டே புள்ளி."

"என்னமோ செய்," என்று கார்னெட் காபி எடுக்கப் போனான்.

"இது போன வருசமும் உனக்குத் தெரியுமேடா," என்றாள் ஓப்பல். "அப்புறம் ஏன் பெருசு?"

வெர்லின் கைகளை வெகுநேரம் துடைத்தான். "பெருசுன்னா, தோத்தா இன்ஜின் மேல பழிய போட்டுடலாம்க்கா. சின்னதுல அந்தச் சாக்கு கிடையாது."

"இப்ப?"

"சின்னதயே போடுறேன்."

அந்தக் கோடையில் மாதம் இரண்டு பாட்டில் பாலிஷ் தீர்ந்தது. மூன்று எண் எழுத அவ்வளவு வேண்டாம்.

"அத குடிக்கிறியாடா?" என்றாள்.

"கண்ணாடி அழுக்கா இருக்குக்கா."

ஒருநாள் காலை, பனி படிந்த கண்ணாடியில், துடைத்த பாலிஷின் தடம் தெரிந்தது. அவன் பெயரின் முதல் நான்கு எழுத்துகள். மூன்றாவது இடம் வலமாகத் திரும்பி நின்றது. ஓப்பல் அதைத் தொடாமல் உள்ளே போனாள்.

செப்டம்பரில் மறுபடியும் இறுதிப் பந்தயம். பக்கத்துத் தடத்தில் பியூஃபோர்டு டாக்கெட்.

"ஏய் வெர்லின், துணி தைக்க வந்தியா?"

"உன் சட்டைக்கு அளவெடுக்க வந்தேன்."

ஓப்பல் கார்க் கண்ணாடியைத்தான் பார்த்தாள். அன்றைய சீட்டுகள் 7.93, 7.92, 7.93. அவன் எழுதியிருந்தது 7.92. இந்த முறை தப்பிக்க இடம் விடவில்லை. அவள் கம்பி வேலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நோவா முதலில் கிளம்பியது. பின்னாலேயே பியூஃபோர்டின் பெரிய இன்ஜின் உறுமிக்கொண்டு வந்து, கடைசி நொடியில் முந்திக் கோட்டைத் தொட்டது. பலகையில் எண்கள் எரிந்தன. 7.05 எழுதியிருந்த பியூஃபோர்டு 7.01இல் ஓடியிருந்தான். வெர்லின் 7.92, அப்படியே.

பழக்கத்தில் ஓப்பல் பேனாவோடு கோபுரத்தடிக்கு ஓடினாள். வெர்லின் தலையை ஆட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பாலிஷ் பாட்டிலை எடுத்துக்கொண்டு தனியாகப் படியேறினான்.

ஒரு எழுத்து. நிறுத்தினான். இன்னொன்று.

"என்ன வெர்லின், கதையா எழுதுற?" கீழேயிருந்து பியூஃபோர்டு கத்தினான்.

"தோத்தவன் வாய மூடுடா!" என்றாள் ஓப்பல்.

ஆங்கிலத்தில் அவன் முழுப் பெயர், பதினோரு எழுத்துகள். மூன்றாவது நேராக நின்றது. அதன் கீழே, கை தயங்காமல், மடமடவென்று தேதியை எண்களாகவே போட்டான்: 9-24-1983.