முதலில் ஆளை அனுப்பு

என் தம்பியை வெள்ளைக்காரன் பிடித்து வைத்திருந்த சமயத்தில், அந்த வெள்ளைக்காரனே தீவை விட்டுப் போவதா வேண்டாமா என்று பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

இந்தியப் பெருங்கடலின் நடுவில் அவன் இன்னும் கையில் வைத்திருக்கும் தீவுகள் அவை. தம்பி கொச்சியிலிருந்து ஆழ்கடல் படகில் கூலிக்குப் போனவன். சூரை மீனைத் துரத்திக்கொண்டு எல்லை தாண்டிவிட்டார்கள். படகோடு எல்லோரையும் பிடித்துவிட்டதாகப் படகு ஓனர் போன் பண்ணினார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எனக்குக் கோவளத்தில் மீன் வியாபாரம். கூடையை அப்படியே போட்டுவிட்டு, தம்பி பெண்டாட்டியோடு திருப்போரூர் போய் அங்கிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். அவளுக்கு நிறைமாதம். வழியெல்லாம் ஒரே கேள்விதான்.

"அண்ணி, கொழந்த பொறக்கறதுக்குள்ள வந்துடுவாரா?"

கலெக்டர் ஆபீசில் மனுவை வாங்கியவர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தத் தீவையே கை மாத்தப் போறாங்கம்மா. வெள்ளக்காரனுக்கும், தீவு தன்னுதுன்னு கேக்கற நாட்டுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகினு இருக்கு. இப்ப யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல. அது முடியட்டும்."

"எப்ப சார் முடியும்?"

"தீவுன்னா சும்மாவா? வருசக்கணக்கா பேசறாங்க."

"தீவ அவனே வெச்சிக்கட்டும், இல்ல எவனுக்காவது குடுக்கட்டும். என் தம்பி இன்னா, தீவோட சேத்து எழுதிக் குடுக்கற தென்னமரமா?"

"கத்தாதம்மா."

கத்தினேன். தம்பி பெண்டாட்டி என் புடவையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

எங்கள் கரையில் ஒரு குப்பத்து ஆள் இன்னொரு குப்பத்துக் கடலில் வலை போட்டுச் சிக்கினால், அவன் படகை இழுத்து மணலில் ஏற்றிவிடுவோம். இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் உட்காரும். கெட்ட வார்த்தை பறக்கும், சில நேரம் கையும் நீளும். ஆனால் உட்காருவதற்கு முன்னாடியே, பிடிபட்டவனுக்குச் சோறு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசுவதெல்லாம் பேச்சே இல்லை. இந்தச் சின்ன விஷயம் அத்தனை பெரிய நாடுகளுக்குத் தெரியவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அப்பன் வரவில்லை. அது குப்புற விழுந்து தவழ ஆரம்பித்த பிறகுதான் ஒரு நாள் வந்து நின்றான், பாதி உடம்பாக.

பக்கத்து வீட்டுக்காரன் ஓடிவந்து கேட்டான். "மச்சான், தீவு எப்டி கீது?"

"எங்கள அடச்சி வெச்ச எடத்துலேர்ந்து தூரமா பாத்ததுதான். தென்னமரம், மிலிட்டரிக் கப்பலு. ஊருன்னு ஒண்ணும் கண்ல படல."

"அந்த ஊரு ஜனம்?"

"அவங்கள எப்பவோ கப்பல்ல ஏத்தி தொரத்திட்டானாம். இன்னும் எங்கெங்கயோ கெடக்கறாங்களாம்."

"அப்ப யாருக்காகடா பேசிக்கினு கீறானுங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஜனத்தையும் எவனும் முதலில் வீட்டுக்கு அனுப்பவில்லை.

தம்பி குழந்தையைத் தூக்கினான். யாரோ அன்னிய ஆள் தூக்கிய மாதிரி அது உடம்பை வளைத்துக்கொண்டு வீறிட்டது. அவன் முகம் செத்துப்போனது. பெண்டாட்டி வாங்க வந்தாள். நான் தடுத்தேன்.

"வுடு, கத்தட்டும். அவங்கப்பனுக்காக நான் கத்துனதுல இது கால்வாசி கூட இல்ல."