மூன்றாம் சரணத்தில் ஒரு பொட்டு

"சார், எத்தனை ரெக்கார்டு வெச்சிருக்கீங்க?" என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார்.

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ஆனா மிஷின் இருக்கறதுலயே நல்லதா வோணும்."

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸும் ரயிலுமாக மாறிச் சென்னைக்குப் போயிருந்தேன். டவுன் பஸ் ஓட்டியே ஓய்வு பெற்றவன் நான். கல்யாண வீட்டு மைக் செட்காரர் பெட்டிக்குள் கறுப்புத் தட்டு சுற்றும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கடையிலோ, ரெக்கார்டைச் சுற்றவைக்கும் ஒவ்வொரு டர்ன்டேபிளும் கண்ணாடி மேஜைமேல் புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒன்று பெல்ட்டில் சுற்றும் என்றார். ஃபேன் பெல்ட் அறுந்து சாலவாக்கம் ரோட்டில் பஸ்ஸோடு வெயிலில் நின்ற நாள் ஞாபகம் வந்து, பெல்ட்டே வேண்டாம் என்றேன். பெல்ட் இருந்தால்தான் மோட்டாரின் அதிர்வு தட்டுக்கு வராது என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஊசி எத்தனை கிராம் எடையில் உட்கார வேண்டும் என்பதற்கே அரை மணி நேரம் பாடம் நடந்தது.

அத்தனையும் என் மனைவிக்காக. போன வருஷம் தொண்டையில் புற்று வந்து அவளுடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு நோட்டு. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் சமையலறையில் கரண்டியால் தட்டைத் தட்டுவாள்.

பதினைந்து வயதில் அவள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது, அந்தப் பள்ளிப் பெண்களைச் சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பாடவைத்து ஒரு இசைத்தட்டு போட்டார்கள். மூன்றாம் சரணத்தை இவள் மட்டும் தனியாகப் பாடியிருக்கிறாள். கல்யாணமாகி வந்தபோது டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் அதைக் கொண்டுவந்தாள். தட்டின்மேல் விரல் வைத்து, "இந்த எடத்துல நான் மட்டும்" என்று காட்டினாள். எங்களிடம் பிளேயர் இல்லை. வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அதைவிட மோசமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் அவள் பாத்திரம் கழுவும்போது பாடுவாள். ஒருநாள் டியூட்டி முடிந்து தலைவலியோடு வந்தவன், "காலைல இருந்து ஹாரன் சத்தம் கேட்டுக்கினு வரேன், வூட்லயும் சத்தமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் குழாயை மூடினாள், பாட்டையும் நிறுத்தினாள். அதற்குப் பிறகு பாடவே இல்லை. அவள் பாடாமல் இருக்கிறாள் என்பதே எனக்குப் பல வருஷம் உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போதுதான் உறைத்தது. அந்த மூன்றாம் சரணத்தை ஒரே ஒரு முறை கேட்டுவிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ரெக்கார்டை எடுத்துவந்து போட்டுப் பார்த்து வாங்குங்கள் என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். பஸ் நெரிசலில் உடைந்துவிடும் என்று பயந்து நான் கொண்டுபோகவில்லை. மூன்று முறை வெறுங்கையோடு போய் வந்து, கடைசியில் ரெக்கார்டு உட்காரும் சுழல்தட்டு கனமாக உள்ள ஒன்றை எடுத்தேன். ஓய்வுப் பணத்தில் பெரிய துண்டு போயிற்று. அவள் நோட்டில் "பைத்தியமா?" என்று எழுதினாள். ஆனால் கூடத்தில் இடம் ஒதுக்கித் துடைத்தது அவள்தான்.

டர்ன்டேபிள் கொஞ்சமும் சாயாமல் நிற்க வேண்டுமாம். எங்கள் வீட்டுத் தரையோ கழுவிவிட்ட தண்ணீர் வாசலுக்கு ஓடும்படி வாட்டம் வைத்துப் போட்டது. பக்கத்துத் தெரு கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்தேன். நான் பார்த்துச் சொல்லச்சொல்ல, அவள் கல்யாணப் பத்திரிகைகளை மடித்து ஸ்டாண்டின் காலுக்குக் கீழே சொருகினாள். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நின்றபோது இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பில் சத்தம் இல்லை.

ஊசியை இறக்கினேன். எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து பெண்பிள்ளைகளின் குரல்கள் சேர்ந்து வந்தன. முதல் சரணம். இரண்டாம் சரணம். அதற்கப்புறம் திரும்ப வந்த பல்லவி முடிகிற இடத்தில் ஊசி ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் போயிற்று. மறுபடி பல்லவியின் கடைசி வரி. மறுபடி துள்ளல். அத்தனை பெண்களும் சேர்ந்து அந்த ஒரு வரியையே பாடிப்பாடி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் முறை வரவே இல்லை.

மறுநாளே தட்டை அவளுடைய பழைய சேலையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கழுவும் எந்திரத்தில் வைத்துக் கழுவினார்கள். கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த எடத்துல எதையாவது வெச்சி சொரண்டினீங்களா சார்?"

நான் டிரைவர். ஆயுத பூஜை என்றால் ஸ்டீயரிங் முதல் ஸ்டெப்னி வரை சந்தனமும் குங்குமமும் வைக்காமல் விடமாட்டேன். வீட்டில் பூஜைக்கு அரிவாள்மணை, கத்தரிக்கோல், பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றோடும் இந்தத் தட்டையும் வைப்பேன். தேங்காய் எண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைப்பேன். அவள் விரல் வைத்துக் காட்டினாளே, சரியாக அந்த இடத்தில் பெரிய பொட்டாக வைப்பேன். அவள் பாடும் இடமாயிற்றே. மறுநாள் காய்ந்துபோன பொட்டை நகத்தால் சுரண்டுவேன். நகத்துக்கு வரவில்லையென்றால் எட்டணாக் காசால் சுரண்டுவேன். எத்தனை வருஷம்! அந்த மெல்லிய கோடுகளுக்குள்தான் குரல் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

"இந்த எடம் பூரா கோடே போயிடுச்சி சார். ஊசியத் தள்ளி வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. இனிமே எந்த ஊசி போட்டாலும் வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் தட்டை வாங்கி டர்ன்டேபிளில் வைத்தாள். இனி எதற்கு என்றேன். கேட்கவில்லை, ஊசியையும் அவளே இறக்கினாள். முதல் சரணம், இரண்டாம் சரணம், பிறகு அந்த ஒரே வரி திரும்பத் திரும்ப. நான் நிறுத்தப் போனேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நோட்டை எடுத்து எழுதி என் மடியில் வைத்தாள்.

"நான் பாடிக்கினு இருந்தப்பவே கேட்டிருக்கலாம்."