எங்கள் பெட்டைக்கோழி கூவிய காலம்

நான் தறி நெய்கிறவன். பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்கட்டில் தறி, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் துணி துவைக்கும் கல்லும் ஒரு முருங்கை மரமும் உள்ள சின்ன இடம். அங்கேதான் கோழிகள். என் மனைவி ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துக்காட்டும் வேலைக்குப் போகிறாள். காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவாள். அதனால் பகல் முழுக்க வீட்டில் நானும் தறியும் கோழிகளும்தான்.

அந்தச் செம்பட்டைக் கோழி எங்களிடம் இருந்ததிலேயே மூத்தது. எத்தனையோ முறை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. நொய்யரிசியை இறைத்தால் முதலில் வந்து நிற்கும். மற்றவை கிட்டே வந்தால் தலையில் ஒரு கொத்து. முட்டை இடுவதை நிறுத்தி வெகுநாள் ஆகியும் அந்த மிடுக்கு மட்டும் குறையவில்லை.

ஒருநாள் நொய் இறைத்தபோது அது வரவில்லை. முருங்கையடியில் கால்களை அகட்டி, உடம்பை நிமிர்த்தி, விநோதமாக நின்றுகொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தேன். வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளவென்று இருந்தது. கொண்டை வெளிறிப் போயிருந்தது. மனைவியிடம் போனில் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போங்க. நான் வர்ற வரைக்கும் தாங்காது" என்றாள்.

ஒயர் கூடையில் பழைய வேட்டியைப் போட்டு, அதில் கோழியை உட்கார வைத்து, ஸ்கூட்டரின் முன்னால் மாட்டிக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அங்கே ஆட்டோடு காத்திருந்த ஒருவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கொழம்பு வைக்க வேண்டிய வயசுல வைத்தியமா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். நான் வேட்டியை இழுத்துக் கோழியை மூடினேன்.

டாக்டர் இளம்பெண். கோழியின் வயிற்றை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு உள்ளே இருந்த நீரை எடுத்தார். மஞ்சளாக, நிறைய வந்தது. கோழி அசையாமல் இருந்தது.

"முட்டைப்பை கெட்டுப் போயிருக்கும்னு நெனைக்கிறேன். வயசும் ஆயிடுச்சு. மருந்து தரேன், குடுத்துப் பாருங்க. பொழைச்சுக்கும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

நான் கால் இறக்கி உட்காரும் தறிக்குழிக்குப் பக்கத்திலேயே கூடையை வைத்துக்கொண்டேன். கேழ்வரகுக் கூழை நீர்க்கக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக் குழாயில் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பின்பக்கம் அழுக்கு ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைப்பேன். பிறகு கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான் பட்டைத் தொடுவேன். ஒரு முழம் நெய்வதற்குள் பலமுறை எழுந்திருக்க வேண்டியிருந்தது.

கைக்குள் வைத்துக்கொண்டால் நெஞ்சு படபடவென்று அடிப்பது தெரியும். எண்ண முடியாத வேகம். அத்தனை சின்ன உடம்பு, கண்ணை மூடிக் கிடக்கிறது, உள்ளே மட்டும் இப்படி ஒரு ஓட்டம். நான் பிறந்ததிலிருந்து கோழிகளோடுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு கோழியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தது அதுவரை இல்லை.

கொஞ்சம் தெளிந்ததும் நான் நெய்வதைப் பார்க்க ஆரம்பித்தது. ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் போனால் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். நான் நிறுத்தினால் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கும். ஒருநாள் தானே கூடையை விட்டு இறங்கி, சமையல்கட்டைத் தாண்டி, பின்வாசலுக்கு நடந்து போனது. நான் பின்னாலேயே போனேன். முருங்கையடியில் மண்ணைச் சீய்த்து, அதில் புரண்டு, இறக்கையை உதறிக்கொண்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் இறகுகள் கொட்டின. வீடு பெருக்கினால் முறம் நிறைய இறகு. மறுபடியும் நோய் வந்துவிட்டதோ என்று பயந்தோம். ஆனால் தீனி எடுத்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு புது இறகுகள் முளைத்தன. பழைய மாதிரி இல்லை. கழுத்தில் நீளநீளமாக, கூராக, சரிகை போல மின்னும் இறகுகள். வால் இறகு வளைந்து இறங்கியது. வெளிறிக் கிடந்த கொண்டை ரத்தச் சிவப்பாகி, முன்பு இருந்ததைவிடப் பெரிதாக நிமிர்ந்தது. காலில் முள் தடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, மருந்து கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சா?"

"டாக்டர் சொன்ன அளவுதாம்மா குடுத்தேன்."

"அப்ப இது இன்னாங்க இது?"

நான் அதன் காலைத் தூக்கி முள்ளைத் தடவிப் பார்த்தேன்.

சில நாள் கழித்து, காலையில் தறியில் உட்கார்ந்திருந்தபோது பின்பக்கம் சேவல் கூவும் சத்தம் கேட்டது. எங்களிடம் இருந்த சேவலை விற்று வெகுநாள் ஆகியிருந்தது, அக்கம்பக்கத்திலும் இப்போது சேவல் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். துவைக்கும் கல்லின் மேல் எங்கள் கோழி நின்றுகொண்டிருந்தது. கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, இன்னொரு முறை கூவியது. தொண்டை பாதியில் உடைந்து கரகரத்தது. கூவி முடித்ததும் திடுக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. யார் கூவியது என்று அதுவே தேடுவது போல இருந்தது.

சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கிறது. அந்த வீட்டம்மா மதிற்சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளும் தறிக்காரி. கணவர் இல்லை, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அண்ணா, கூவுனது பொட்டையா?"

"ஆமாம்மா."

அவள் முகம் மாறிவிட்டது. "பொட்ட கூவுனா குடும்பத்துக்கு ஆவாதுன்னு சொல்லுவாங்கண்ணா. பொண்ணு கல்யாணத்த வச்சிக்கினு இருக்கறேன். வித்துடுங்க, இல்ல அறுத்துடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன். "அவ பயப்படறதுல தப்பில்ல" என்றாள். "ஆனா செத்துப் பொழைச்சத எப்படிங்க அறுக்கறது? நீங்க முதல்ல அந்த டாக்டரக் கேளுங்க."

போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்தார். திரும்ப முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். பக்கத்து அறையில் இருந்த பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் குனிந்து என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோழிக்குப் பொறக்கும்போது ரெண்டு பக்கமும் முட்டைப்பைக்கான இடம் இருக்கும்" என்றார் டாக்டர். "இடது பக்கம் மட்டும்தான் வளரும். வலது பக்கம் இருக்கறது ஆயுசுக்கும் தூங்கிக்கிட்டே இருக்கும். இடது பக்கம் கெட்டுப் போச்சுன்னா, எங்கேயோ அபூர்வமா, அது முழிச்சுக்கும். முழிக்கும்போது முட்டைப்பையா முழிக்காது, சேவலோட சுரப்பி மாதிரி வளரும். நான் படிச்சிருக்கேன். கண்ணால பார்க்கறது இதுதான் முதல் தடவை."

"நோய் ஒண்ணும் இல்லியேம்மா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க காப்பாத்தினதாலதான் இது இவ்ளோ தூரம் வந்திருக்கு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். முட்டை இட்டு, அடைகாத்து, குஞ்சுகளைப் பருந்துக்குக் காட்டாமல் இறக்கைக்குள் ஒளித்துத் திரிந்த அத்தனை காலமும், அந்த உடம்புக்குள் இன்னொன்று சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. கோழிக்கே தெரியாமல். ராஜ வீதி சிக்னலில் பச்சை விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை; பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு, டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். அவள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து, கோழியின் முன் குந்தி உட்கார்ந்தாள். கழுத்திறகை ஒரு விரலால் தடவினாள்.

"சாமியே பாதி பாதியாதானண்ணா நிக்குது. இதப் போயி அறுக்கச் சொன்னேனே." எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "கூவட்டும். ஆனா பந்தக்கால் நடற அன்னிக்கி மட்டும் உள்ள வச்சிக்கோங்கண்ணா. சம்பந்தி வூட்டுக்காரங்க வருவாங்க."

அப்படியே செய்தோம். பந்தக்கால் அன்று கோழியைத் தறிக்குப் பக்கத்தில் விட்டு, கூடையைக் கவிழ்த்து, மேலே கனமான போர்வையைப் போட்டு மூடினேன். வெளியே மேளம் ஆரம்பித்தது. நாதஸ்வரம் ஒரு இழுப்பு இழுத்ததும், போர்வைக்குள்ளிருந்து நீளமாக ஒரு கூவல். இந்த முறை உடையவே இல்லை. நான் ஓடிப்போய்ப் போர்வையை இன்னும் அழுத்திப் பிடித்தேன். வாசலில் சம்பந்தியம்மா, "யார் வூட்டு சேவலோ, நல்ல நேரத்துல கூவுது" என்று சொன்னதாக மனைவி உள்ளே வந்து சொன்னாள். பக்கத்து வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டு பந்தக்காலுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாளாம், சிரிப்பை அடக்க முடியாமல்.

கூவியதைவிட என்னை அதிகமாக அசத்தியது வேறொன்று. நொய் இறைத்தால் இப்போது அது முதலில் தின்பதில்லை. ஒரு மணியை அலகில் எடுத்து, கீழே போட்டு, திரும்ப எடுத்து, தொண்டைக்குள் டொக் டொக்கென்று மற்ற கோழிகளைக் கூப்பிடுகிறது. அவை ஓடி வந்து தின்னும்வரை தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சேவல்கள் அப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். இதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அது இன்னும் இருக்கிறது. நடை தளர்ந்துவிட்டது, கல்லின் மேல் ஏற முடிவதில்லை, நான்தான் தூக்கி வைக்கிறேன். குளிர்காலத்தில் மூச்சு இழுக்கும். அப்போது திரும்பவும் கூடை, வேட்டி, சிரிஞ்சு. அந்த டாக்டர் ஒரு விடுமுறை நாளில் அதைப் பார்க்கவென்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். தொடவில்லை, சோதிக்கவில்லை. முருங்கையடியில் உட்கார்ந்து, மற்ற கோழிகளை அது தீனிக்குக் கூப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி கொடுத்த காபி அவர் கையிலேயே ஆறிப் போனது.