மூக்கில்லாத மாம்பழங்கள்

கேரள எல்லையில் கோவிந்தாபுரம் பக்கத்து மாந்தோப்புகளில் பழ ஈ கட்டுப்பாடு அறிவித்த வருடம் நான் கிருஷி பவன் என்கிற வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளர். உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி இரண்டடிக் குழியில் புதைக்க வேண்டும் என்பது உத்தரவு. விட்டால் பழத்திலுள்ள புழு மண்ணுக்குள் இறங்கி மறுபடி ஈயாக வரும். முதல் தடவை தவறினால் நோட்டீஸ். இரண்டாவது தடவை, அந்தத் தோப்புப் பழம் வண்டி ஏறாது.

அந்த வேலை என் பார்வையையே மாற்றிவிட்டது. யாராவது காப்பி கொடுத்தால் எதை மறைக்கிறார் என்று யோசிப்பேன். கொடுக்காவிட்டாலும் அதேதான். தோப்புக்காரர்களில் சென்னியப்பன் ஒருவரை மட்டும் நம்பினேன். உத்தரவு வந்த மறுநாளே குழி வெட்டிக் காட்டியவர்.

அவர்தான் போன் செய்தார். "நானொருத்தன் சுத்தமா வெச்சிருந்து என்னங்க சார் பிரயோசனம்? பக்கத்துத் தோப்பை வந்து பாருங்க."

பக்கத்துத் தோப்பு ராமாத்தாளுடையது. கணவர் போன பிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். வேலியோரம் அழுகிய பழங்கள் குவிந்து கிடந்தன. ஒன்றைப் பிளந்தேன், புழு துள்ளியது. படம் எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போய் நோட்டீசை நீட்டினேன்.

"தெனமும் பொறுக்கிப் பொதைக்கறனுங்க சார்."

எல்லாரும் சொல்வதுதானே என்று கையெழுத்து வாங்கி வந்துவிட்டேன்.

பத்தே நாளில் சென்னியப்பனின் அடுத்த போன். அதே இடம், அதே போல ஒரு குவியல். தடை உத்தரவை எழுதி எடுத்துப் போனேன். இந்தத் தடவை ராமாத்தாள் பேனாவை வாங்கவில்லை.

"காலைலதானுங்க பொறுக்குனேன். எங்க கெடக்குதுன்னு காட்டுங்க, அப்பறம் போடறேன்."

எரிச்சலோடு கூட்டிப்போனேன். அவர் குந்தி உட்கார்ந்து பழங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்ற தோப்புல என்ன மரமுங்க சார்?"

"கிளிமூக்கு."

"பூராவும் கிளிமூக்குத்தானுங்க. இதுல ஒண்ணுக்காச்சும் மூக்கு இருக்குதான்னு பாருங்க."

ஒன்றுக்கும் இல்லை. எல்லாம் உருண்டை. அழுகாத பக்கத்தில் தோல் சிவந்திருந்தது. சிந்தூரம். போனை எடுத்து முதல் நாள் படத்தைப் பெரிதாக்கினேன். அதிலும் சிந்தூரம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவை சென்னியப்பனின் சிந்தூர மரங்கள்.

வேலியைச் சுற்றிப் போய் அவர் குழியைப் பார்த்தேன். உள்ளே புல் முளைத்திருந்தது.

"பொதைக்க ஆளு கெடைக்கலீங்க சார்," என்றார் சென்னியப்பன்.

"அதுக்கு அந்தம்மா தோப்புல கொண்டுபோய்க் கொட்டிட்டு, நான் உங்க குழியைப் பார்க்க வராம இருக்க அவங்க மேலயே புகாரும் சொல்வீங்களா?"

அடுத்த நோட்டீஸ் சென்னியப்பனுக்குப் போனது.

ராமாத்தாளின் நோட்டீசை ரத்து செய்து, அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். நோட்டீஸ் சேதி பரவியதில், வருடா வருடம் வருகிற வியாபாரி அந்த வருடம் அவர் தோப்புப் பக்கமே வரவில்லை. அதைச் சொல்லிவிட்டு ராமாத்தாள் கேட்டார்: "அன்னைக்கே என்னையக் கூப்புட்டுக் காட்டியிருந்தா, அன்னைக்கே சொல்லியிருப்பனுங்களே?"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சந்தேகப்படுங்கள், அது வேலையில் சேர்ந்ததுதான். ஆனால் புகார் சொன்னவரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். தோப்புக்காரர் வந்து பக்கத்தில் நின்று பார்க்கும்வரை பேனா சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.