என் ஓட்டுக்கு அவர் சொன்ன பதில்

கடுகு வெடிக்கிற நேரத்தில்தான் அந்த ஃபோன் அடித்தது.

ஜெர்சி சிட்டி அபார்ட்மெண்டின் சமையலறைச் சுவரில் மாட்டிய மஞ்சள் ஃபோன்... அதன் சுருள் வயர் தொய்ந்து தரையைத் தொடும். நாற்பது வருடம் ஆகிவிட்டது. இன்றும் கடுகு தாளித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

1984. அதிபர் தேர்தலுக்கு இரண்டே வாரம். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு டாக்டர் மூர்த்தியும் அவர் மனைவி கமலாவும் வந்திருந்தார்கள். என் கணவர் யானைச் சின்னக் கட்சி. மூர்த்தி கழுதைச் சின்னக் கட்சி. காலையிலிருந்து ஹாலில் ஒரே சத்தம்.

"யானையை உள்ள விட்டா வீட்ல ஒரு பாத்திரம் மிஞ்சாதுடா!"

"கழுதைகிட்ட நாட்டைக் குடுத்துட்டு உதை வாங்கப் போறியா?"

எங்கள் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமலா வெங்காயம் நறுக்கினாள். நான் அடுப்படியில் நின்றேன்.

ஃபோனில் வந்தது கருத்துக் கணிப்பு. என் கணவர் மூர்த்திக்குக் கேட்கட்டும் என்றே உரக்கப் பதில் சொன்னார். வீட்டில் வேறு யாருக்காவது ஓட்டு உண்டா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"மை வைஃப்? புட் டவுன் த சேம்."

கரண்டியோடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மூர்த்தி சிரித்தார். "உன் வீட்ல ரெண்டு, என் வீட்ல ரெண்டு. டை ஆயிடுச்சுடா!"

அடுப்பை அணைத்தேன். "ஃபோனை என்கிட்ட குடுங்க."

"வெச்சாச்சும்மா. வெறும் சர்வேதானே, இதுல என்ன இருக்கு?"

என்ன இருக்கா? நான் படித்த கான்வென்ட்டில், ஒருத்தியிடம் கேட்ட கேள்விக்கு இன்னொருத்தி பதில் சொன்னால் இருவரையும் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்கள்.

"சிட்டிசன்ஷிப் இண்டர்வியூல எனக்குக் கேட்ட கேள்விக்கும் நீங்கதான் பதில் சொன்னீங்களா?"

அந்த இண்டர்வியூவில் இரண்டு கேள்விகளுக்கு விழித்தவர் அவர். நான் ஒன்றுக்குக்கூட விழிக்கவில்லை. அது மூர்த்திக்கும் தெரியும்.

அன்று சாம்பாரை யாரும் குறை சொல்லவில்லை. பாத்திரம் கழுவும்போது கமலா மெதுவாகக் கேட்டாள். "நீங்க யாருக்குக்கா?"

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. உன் வீட்டுக்காரர்கிட்டயும்தான்."

அவள் முகத்தில் வந்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

தேர்தலன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசை. அலமாரி போலப் பெரிய இரும்பு இயந்திரம், அதற்கு ஒரு திரை. என் முறை வந்ததும் அவரும் இரண்டடி கூடவே வந்தார். "மேல் வரிசைம்மா, ஞாபகம் வெச்சுக்கோ..." அங்கே உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி கையை நீட்டித் தடுத்தாள். "ஒன் அட் அ டைம், சார்."

கைப்பிடியை இழுத்தேன். திரை படாரென்று மூடியது. கல்யாணமான பதிமூன்று வருடத்தில் அவர் எட்டிப் பார்க்க முடியாத இடத்தில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. அவசரப்படவில்லை.

வெளியே வந்ததும் என் முகத்தையே பார்த்தார். "என்கிட்ட மட்டுமாவது சொல்லேன்..."

சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்டார். ஆனால் எனக்காகப் பதில் சொல்வதை விட்டுவிட்டார். சர்வே என்று ஃபோன் வந்தால், "உனக்கு ஒரு கேள்வியாம், வா" என்று ரிசீவரை நீட்டுவார். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

இப்போது ரவுண்ட் ராக் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். தேர்தல் வந்தால் இங்கே யாரும் சத்தம் போடுவதில்லை. வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறிவிடுகிறார்கள், அவ்வளவுதான். என் மகனுக்கும் அவன் பெரியப்பா மகனுக்கும் போன தேர்தலிலிருந்து பேச்சு இல்லை. அன்று கத்திவிட்டு அடுத்த ஞாயிறே அதே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தார்கள், மூர்த்தியும் இவரும்.

வயதானவள் என்பதால் எனக்கு ஓட்டுச்சீட்டு தபாலில் வருகிறது. உறையை டைனிங் டேபிளில் வைத்துவிட்டு மகன் பேனாவைத் திறந்தான்.

"அம்மா, நம்ம வீட்ல எல்லாரும் ஒரே ஆளுக்குத்தான். ஐ வில் ஃபில் இட். நீ சைன் மட்டும் போடு."

எனக்கு மூக்கில் கடுகு வாசனை அடித்தது.

டைனிங் டேபிளுக்குத் திரை கிடையாது. அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன். சீட்டை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். இந்தத் தடவையும் அவசரப்படவில்லை.

கதவைத் தட்டினான். "அம்மா! ஜஸ்ட் டெல் மீ, யாருக்கு?"

"உங்கப்பாவுக்கே சொல்லலடா."