தொட்டியடிக் கல்வாழை

தனுஷ்கோடி போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷனில் அய்யாவுக்கு வேலை. புயலுக்கெல்லாம் முந்திய காலம். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க அங்கே உயரமாக ஒரு தொட்டி இருந்தது. அதன் குழாய் எந்நேரமும் ஒழுகும். சுற்றிலும் சுடுமணல், தொட்டியின் நிழலில் மட்டும் ஈரம். அந்த ஈரத்தில் அய்யா கல்வாழை வைத்திருந்தார். தண்டு பட்டுப்போனாலும் கிழங்கு மறுபடி முளைத்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். அய்யா ஒரு பூவையாவது நின்று பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் அந்தத் தீவிலேயே தோட்டம் உள்ளவர்கள் நாங்கள்தான் என்று எனக்கு மகா கர்வம்.

பக்கத்துக் குப்பத்து மீனவப் பெண்களை எனக்குப் பிடிக்காது. விடிந்ததும் குடங்களோடு வந்து, ஒழுகும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்குக் குடிக்க வேறு நல்ல தண்ணீர் கிடையாது. எட்டு வயதில் எனக்கு அதுவா பெரிது? பூ வாடுகிறதே என்று அய்யாவிடம் முறையிட்டால், "சிந்துறதே போதும்த்தா அதுக்கு" என்று போய்விடுவார்.

ஒரு நாள், பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. அய்யா குப்பத்துக்கே போய், "நாளைக்கு ஒருத்தரும் ஸ்டேஷன் பக்கம் தலைகாட்டாதீக" என்று சொல்லிவிட்டு வந்தார். அதிகாரியிடமே புகார் சொல்லிவிடுவது என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

அதிகாரி நேரே தொட்டியடிக்கு வந்து முகம் சுளித்தார். "இவ்வளவு தண்ணி வீணாகுதே. ஆளை அனுப்பி இந்தக் குழாயை மாத்திருவோம்."

"வீணாகலைங்க சார். அம்புட்டும் பூவுக்குத்தான் போகுது" என்றார் அய்யா.

"இல்ல சார், அந்தப் பொம்பளைக..." என்று நான் ஆரம்பித்ததுதான் தாமதம், அம்மா பின்னாலிருந்து என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஸ்டேஷனே அதிரும்படி அழுதேன்.

அதிகாரி திகைத்துப்போனார். "பாப்பா பூவுக்காகவா அழுகுது? சரி சரி, குழாய் இருந்துட்டுப் போகட்டும்."

ரயில் அவரை ஏற்றிக்கொண்டு போனதும் அய்யா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கிள்ளிய இடத்தில் அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். நடப்பது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் அந்தப் பெண்கள் வந்தார்கள். குடம் நிறையும் மட்டும் குனிந்து, கல்வாழையின் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார்கள். ஒருத்தி என் கன்னத்தை வழித்து, "பூவெல்லாம் நல்லா இருக்காத்தா?" என்று கேட்டாள். ஒருவழியாக இவர்களுக்கும் பூவின்மேல் ஆசை வந்துவிட்டதே என்று மனதுக்குள் அவர்களை மன்னித்தேன். அந்தப் பூ இருக்கும்வரைதான் பிள்ளைகளுக்குக் குடிதண்ணீர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அய்யாவுக்குச் செடி வைத்த அன்றைக்கே தெரியும். தோட்டக்காரி எனக்குத்தான் தெரியவில்லை.